காமெடியன் தன் வலியைச் சொல்றப்போ, நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி ரெண்டு கேள்வி கேட்டிருக்கார். ஒண்ணு, இப்பல்லாம் காமெடியன்ங்க மேடையிலயும் பேட்டியிலயும் எனக்கு டிப்ரஷன் இருந்துச்சு, குடியில விழுந்து கெடந்தேன், அப்புறம் சாமிகிட்ட போனேன், இப்ப நல்லா இருக்கேன்னு வெளிப்படையா பேசுறாங்களே, இது கேக்குறவனுக்கு உண்மையில நல்லது பண்ணுதா இல்ல வெறும் வியூஸுக்கா. ரெண்டாவது, அவர் மீன்பிடித் தொழிலுக்குப் போற போட்டுல ஒரு ஆள் எல்லாரையும் சிரிக்க வச்சுக்கிட்டே இருப்பாராம், கொஞ்ச நாளா கரைக்கு வந்ததும் யாரோடயும் சேராம தனியா உக்காந்திருக்காராம், அவருக்கு இந்த மாதிரி வீடியோ அனுப்பலாமா, வீட்டுல ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நிக்கிறாங்க, அது சரியா.

நான் இந்தக் கரையில மனநல வேலையில ரொம்ப காலமா இருக்கிறவன். ரெண்டு கேள்வியும் எனக்கு நெருக்கமான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல் கேள்விக்கு என் பதில், நல்லது பண்ணும், ஆனா அவங்க கதையோட நடுப்பகுதியையும் சேத்துச் சொன்னாத்தான் பண்ணும். நம்ம ஊர்ல ஜெபக்கூட்டத்துல சாட்சி சொல்றதைக் கேட்டிருப்பீங்க. நான் இப்படிக் கெடந்தேன், கர்த்தர் தூக்கி விட்டார், இப்ப இப்படி இருக்கேன். தர்காவுல குணமாகிப் போனவங்க சொல்றதும், நேர்த்திக்கடன் செலுத்த வந்தவங்க சொல்றதும் இதே அமைப்புதான். விழுந்தது ஒரு வரி, எழுந்தது ஒரு வரி. நடுவுல எந்த டாக்டரைப் பாத்தாங்க, எத்தனை மாசம் மாத்திரை போட்டாங்க, முதல் மாத்திரை ஒத்துக்காம வாந்தி எடுத்தது, நல்லாயிட்டேன்னு நிறுத்தி மறுபடி படுத்தது, அந்தக் காலம் முழுக்க சம்பாத்தியம் இல்லாம வீட்டை யார் ஓட்டுனது, இதெல்லாம் காணாமப் போயிருது. சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, நன்றியில பேசுறவனுக்கு முதலும் கடைசியும்தான் பெருசா தெரியும். ஆனா கேக்குறவன் நடுவுல கெடக்குறவன், அவனுக்குத் தேவை அந்த நடுப்பகுதிதான். அது இல்லாத கதையைக் கேட்டா, அவங்களுக்கு ஆச்சு எனக்கு ஆகல, எனக்கு நம்பிக்கை பத்தல போலன்னு இன்னும் கீழ போயிடுறான். இதை நான் நிறையப் பேருகிட்ட பாத்திருக்கேன்.

நடுப்பகுதியை ஒழுங்கா சொன்ன ஒரு காமெடியன்னா எனக்கு உடனே நினைவுக்கு வர்றது அமெரிக்காக்காரர் கேரி குல்மன். 2019-ல முழுக்க முழுக்க தன் டிப்ரஷனைப் பத்தியே ஒரு நிகழ்ச்சி பண்ணார். நாப்பது வயசு தாண்டி, மேடையில பேரு வாங்கின பெறகு, எந்திரிக்கவே முடியாம போயி அம்மா வீட்டுக்கே திரும்பிப் போனார், மனநல வார்டுல சேர்ந்தார், கரண்ட் வைத்தியம் எடுத்துக்கிட்டார். அம்புட்டையும் அந்த நிகழ்ச்சியில சொன்னார். அந்தக் கரண்ட் வைத்தியம்கிற பேரை நம்ம பக்கம் சொன்னாலே வீட்டுக்காரங்க ஓடிருவாங்க, சினிமாவுல காட்டின பாவம் அது. உண்மையில அது மயக்க மருந்து குடுத்து, தசையைத் தளர்த்துற மருந்தும் குடுத்துத்தான் பண்றது, அந்த ரெண்டும் இல்லாம பண்ணவே கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துல தெளிவா இருக்கு. எந்த மருந்துக்கும் அசையாத கடுமையான டிப்ரஷனுக்கு அது உயிரைக் காப்பாத்துற வைத்தியம். கொஞ்ச காலத்துக்கு ஞாபகம் குழம்பும், அதையும் மறைக்கக் கூடாது. ஒரு காமெடியன் கூட்டத்துக்கு முன்னாடி நின்னு நான் அதை எடுத்துக்கிட்டேன்னு சொல்றப்போ, பத்து டாக்டர் சொல்லி நீங்காத பயம் ஒருத்தனுக்கு நீங்கலாம். இதுக்குத்தான் காமெடியன் பேசணும்னு நான் ஆசைப்படுறேன். மரியா பேம்ஃபோர்டுன்னு ஒரு காமெடியன் அம்மா, மனசு ஒரு நேரம் பொங்கி ஒரு நேரம் தாழ்ந்து போற பைபோலார் நோய் உள்ளவங்க, ஆஸ்பத்திரியில சேர்ந்ததையும் மாத்திரையையும் பத்தி மேடையிலயே பேசுவாங்க, அவங்களையும் இதே வரிசையில வைப்பேன்.

சாமி பக்கம் வந்தா இந்தி நடிகர் ஜானி லீவரை எடுத்துக்குங்க. மகனுக்கு கழுத்துல கட்டி வந்த பெறகுதான் அவர் தீவிர விசுவாசி ஆனார், கூட்டங்கள்ல சாட்சியும் சொல்றார். ஜெபம் பண்ணார், கட்டி போச்சுன்னு சுருக்கினா அது ஒரு கதை. ஆனா அவரே பேட்டியில சொன்னது, அமெரிக்காவுக்குக் கொண்டுபோயி ஆபரேஷன் பண்ணாங்க, அந்த நேரம் முழுக்க ஜெபத்துல இருந்தேன்னு. அவர் நம்பிக்கை அதனால ஒரு துளி குறையல, ஆபரேஷனைச் சொன்னதால சாட்சியும் கெட்டுப் போகல. கேக்குற அப்பன் ஆத்தாளுக்குத்தான் அந்த ஒரு வார்த்தையால பிள்ளை தப்பிக்கும். எங்க பக்கத்து பாதர்மாருங்க, ஆலிம்ஸாமாருங்க, பூசாரிங்க எல்லாருக்கும் என் வேண்டுகோள் இதுதான், சாட்சி சொல்றவங்களை டாக்டர் பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க.

சோகமான கோமாளின்னு ஒரு கதை உலகம் முழுக்க ஓடுது. டாக்டர்கிட்ட ஒருத்தன் போயி மனசு சரியில்லங்கிறான், ஊருக்கு வந்திருக்கிற கோமாளியைப் போயி பாருன்னு டாக்டர் சொல்றார், அந்தக் கோமாளியே நான்தான் டாக்டர்ங்கிறான். இங்கிலாந்துல 19-ஆம் நூற்றாண்டுல இருந்த கிரிமால்டிங்கிற கோமாளி பேர்ல சொல்ற கதை இது. கேக்க நல்லா இருக்கு, ஆனா இந்தக் கதையை நான் விரும்புறதில்ல, ஏன்னா சிரிக்க வைக்கிறவன்னா உள்ளுக்குள்ள அழுவான், அது அவன் இயல்புன்னு சொல்லி விட்டுடுறோம். ஹாலிவுட் காமெடி நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்ட் 11-ல உயிரை விட்டப்போ உலகமே சோகக் கோமாளின்னு எழுதுச்சு. பிரேதப் பரிசோதனையில தெரிஞ்சது வேற, அவர் மூளையில லூயி பாடிங்கிற நோய் பரவியிருந்துச்சு. சாகுறதுக்குச் சில மாசம் முன்னாடி பார்கின்சன் நோய்னு சொல்லியிருந்தாங்க, முழு உண்மை அப்ப யாருக்கும் தெரியல. அவர் மனைவி 2016-ல நரம்பியல் டாக்டர்ங்க படிக்கிற இதழ்லயே விரிவா எழுதினாங்க, பயம், தூக்கமின்மை, மறதி, சந்தேகம்னு ஒவ்வொண்ணா வந்து அந்த மனுசன் தான் யாருங்கிறதையே இழந்துக்கிட்டு இருந்ததை. காமெடியனோட சோகம்னு பேசிக்கிட்டே இருந்தா மூளை நோயை யாரு பாப்பா.

ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். 2014-ல பிரிட்டிஷ் மனநல இதழ்ல 523 காமெடியன்களை வச்சு வந்தது. சாதாரண ஆட்களை விட அவங்களுக்கு சில மனப்போக்கு கூடுதலா இருக்கு, ஒரு பக்கம் ஒதுங்கிப்போற குணம், இன்னொரு பக்கம் பொங்கி வர்ற குணம், ரெண்டும் ஒரே ஆளுகிட்ட. ஆனா அது குணத்தை அளந்தது, நோய் இருக்குன்னு சொன்னது இல்ல. இதைவிட நமக்குப் பயன்படுறது, ராட் மார்ட்டின்னு கனடாக்காரர் 2003-ல பண்ண வேலை. சிரிப்பை நாலா பிரிச்சார், கூட இருக்கவங்களைச் சேத்துக்கிற சிரிப்பு, கஷ்டத்துல தன்னைத் தேத்திக்கிற சிரிப்பு, அடுத்தவனைக் குத்துற சிரிப்பு, தன்னையே மட்டம் தட்டிக்கிற சிரிப்பு. முதல் ரெண்டும் மனசுக்கு நல்லது. கடைசி வகை அதிகமா இருக்கவங்களுக்கு டிப்ரஷனும் பதட்டமும் கூடவே இருக்கிறதா திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. ஹன்னா காட்ஸ்பின்னு ஆஸ்திரேலியா காமெடியன் இதையே மேடையில சொன்னாங்க, ஏற்கெனவே ஊர் ஒதுக்கி வச்ச ஆள் தன்னையே கேலி பண்ணிச் சிரிக்க வச்சா அது பணிவு ஆகாது, தன்னைத்தானே அவமானப்படுத்திக்கிறது, இனிமே பண்ண மாட்டேன்னு. தம்பி, உங்க போட்டு ஆள் எதை வச்சு சிரிக்க வைக்கிறார்னு கொஞ்சம் கவனிங்க. டிரைவரையும் இலங்கை நேவிக்காரனையும் ஐஸ் கம்பெனிக்காரனையும் வச்சு சிரிக்க வச்சவர் இப்ப கொஞ்ச நாளா தன்னையே, தன் உடம்பையே, தான் செத்தா யாரு கவலைப்படப் போறான்னே ஜோக்கா சொல்றார்னா, அந்த ஜோக்குக்குச் சிரிச்சுட்டு விட்டுடாதீங்க.

நம்ம பக்கத்துலயே இந்தச் சரித்திரம் இருக்கு. வள்ளித் திருமண நாடகத்துல பபூன் வர்றதை இந்த ஜில்லாவுல பாக்காதவங்க இல்ல, திருவிழா ராத்திரி முதல் ஆளா மேடைக்கு வந்து தூங்கப் போற சனத்தை உக்கார வைக்கிறவர் அவர்தான். விடிய விடிய ஊரைச் சிரிக்க வச்சுட்டு காலையில பஸ் ஏறிப் போற அந்தக் கலைஞர்களை, நாடகக்காரங்கன்னு ஊரு மரியாதைக் குறைவாத்தான் நடத்தியிருக்கு. அவங்க மனசுல என்ன இருக்குன்னு ஒரு மைக்கும் கேட்டதில்ல. இன்னைக்கு ஸ்டாண்ட்-அப் பண்ற பிள்ளைங்களுக்காச்சும் அந்த மைக் கெடைச்சிருக்குன்னா நான் சந்தோஷப்படுறேன்.

சந்திரபாபுவை எடுத்துக்குங்க. 1927-ல தூத்துக்குடியில பிறந்தவர், அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், குடும்பம் இலங்கைக்குப் போக வேண்டி வந்து கொழும்புல வளர்ந்தவர், அதாவது நம்ம கடலோட ரெண்டு பக்கமும் தெரிஞ்சவர். சென்னையில வாய்ப்புக் கேட்டு அலைஞ்ச காலத்துல, 1950-கள் தொடக்கத்துல, ஜெமினி ஸ்டூடியோ வளாகத்துலயே உயிரை விட முயற்சி பண்ணார். பிழைச்சுக்கிட்டார். பிழைச்சவர் மேல போலீஸ் கேஸ். கோர்ட்ல அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி கையில சுட்டுக்கிட்டு, சுட்டது உங்க கண்ணுக்குத் தெரியும், வலி எனக்குத்தான் தெரியும்ங்கிற அர்த்தத்துல நீதிபதிகிட்ட சொன்னதா ஒரு கதை ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு வர்றாங்க. அப்புறம் அவர் தமிழ் சினிமாவோட உச்சத்துக்குப் போனார், பாடினார், ஆடினார், மணவாழ்க்கை உடைஞ்சுச்சு, குடி வந்துச்சு, கைக்காசு போச்சு, 1974 மார்ச்ல 46 வயசுல போயிட்டார். அவர் ஒண்ணும் ஒளிச்சு வச்சவர் இல்ல, வாயைத் திறந்து பேசுனவர்தான். பேசுனதைக் கேட்டு அடுத்த அடி எடுத்து வைக்க அன்னைக்கு யாரும் இல்ல. தற்கொலை முயற்சிக்கு ஜெயில்ங்கிற பழைய 309-வது பிரிவு அன்னைக்கு உயிரோட இருந்துச்சு, அதனால மனசு உடைஞ்ச ஆளை போலீஸ்தான் முதல்ல வந்து பாத்துச்சு. 2017 மனநலச் சட்டத்தோட 115-வது பிரிவு வந்த பெறகுதான், அப்படி முயற்சி பண்ற ஆளை கடுமையான மன அழுத்தத்துல இருந்தவராத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அரசாங்கம் அவருக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் குடுக்கணும்னு ஆச்சு. இது இன்னும் நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது, கேஸ் ஆயிரும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகாம வீட்டுக்குள்ள வச்சுப் பாக்குறாங்க. தயவு செஞ்சு இதை நாலு பேருக்குச் சொல்லுங்க.

குடியைப் பத்தித் தனியா ஒரு விஷயம் சொல்லணும், உயிர் சம்பந்தப்பட்டது. நடிகர் ரோபோ சங்கர் 2023-ல மஞ்சள் காமாலையில அப்படியே இளைச்சுப்போயி, அப்புறம் தன்னோட கெட்ட பழக்கத்தைப் பத்தி வெளிப்படையா பேசினார், என்னைப் பாத்துத் திருந்துங்கன்ற மாதிரி. 2025 செப்டம்பர்ல அவர் இறந்துட்டார், மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. இந்தி டிவி காமெடியன் கபில் சர்மாவும் குடி, டிப்ரஷன் ரெண்டையும் ஒத்துக்கிட்டுப் பேசினவர்தான். இந்தப் பேச்சைக் கேட்டுட்டு நம்ம ஆளு என்ன பண்றான்னா கோயில்ல கயிறு கட்டிக்கிறான், இல்ல சத்தியம் பண்ணிடுறான், அன்னைக்கே பட்டுன்னு நிறுத்திடுறான். தினமும் காலையிலயே குடிக்கிற அளவுக்குப் போன ஆள் அப்படி நிறுத்தினா, முதல் ஓரிரு நாள்லயே கை நடுக்கம், வேர்வை, சில பேருக்கு வலிப்பு, ரெண்டு மூணு நாள்ல இல்லாத ஆள் தெரியுறது, இல்லாத சத்தம் கேக்குறது, புத்தி தடுமாறுறது. வீட்டுல சாமி குத்தம்னோ பேய் பிடிச்சிருச்சுன்னோ நினைச்சு மறுபடி மந்திரிக்கக் கொண்டு போறாங்க. அது குடியை நிறுத்தினதால மூளை படுற பாடு, ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தா அடங்கும், குடுக்கலைன்னா உசுரே போகலாம். கயிறு கட்டுங்க, வேண்டாம்னு சொல்லல, அந்த வைராக்கியம் பெரிய பலம். கட்டுறதுக்கு முன்னாடி டாக்டரையும் பாத்துட்டுக் கட்டுங்க.

இப்ப ஏர்வாடி.

இதைப் பத்தி வெளியூர்க்காரங்க எழுதுறப்போ ரெண்டே மாதிரிதான் எழுதுவாங்க, ஒண்ணு மூடநம்பிக்கை, இல்ல அற்புதம். இங்க இருக்கிற நமக்குத் தெரியும் அது ரெண்டுக்குள்ளயும் அடங்காது. சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீது பாதுஷா நாயகம் அடங்கியிருக்கிற அந்த தர்காவுக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்னு எல்லாரும் மனசு சரியில்லாத பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க, கேரளாவுல இருந்தெல்லாம் வர்றாங்க. வந்தவங்க கனவுல உத்தரவு வர்ற வரைக்கும் தங்குறாங்க, வாரக்கணக்குல, மாசக்கணக்குல, சில பேர் வருசக்கணக்குல. ஊர்ல பைத்தியம்னு கல்லெறிஞ்ச பிள்ளையை அங்க யாரும் வேடிக்கை பாக்குறதில்ல, ஏன்னா பக்கத்துல உக்காந்திருக்கவங்க வீட்டுலயும் அப்படி ஒரு பிள்ளை இருக்கு. ஆத்தாக்காரி முதல் தடவையா வெக்கப்படாம அழுறா. இதுக்கு ஒரு குணப்படுத்துற சக்தி இருக்குன்னு நான் மனசாரச் சொல்றேன்.

ஆராய்ச்சியும் இதை ஓரளவு ஒத்துக்குது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட டாக்டர்ங்க நம்ம தென்பக்கத்து கோயில் ஒண்ணுல தங்கின 31 பேரைப் பாத்து 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. சராசரியா ஆறு வாரம் தங்கினவங்களுக்கு, மருந்து ஏதும் குடுக்காமலே, நோய்க்குறி அளவுகோல்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பயமில்லாத, ஆதரவான இடமா இருக்கிறதே காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பாக்க வேற குழு இல்ல, அதையும் சேத்தே படிக்கணும். திருச்சி பக்கம் குணசீலம் கோயில்லயும் 48 நாள் தங்குற வழக்கம் காலங்காலமா இருக்கு, அங்க இப்ப முறையா லைசென்ஸ் வாங்கின மறுவாழ்வு மையமும் இருக்கு.

ஆனா ஏர்வாடி பேரைச் சொல்றப்போ 2001 ஆகஸ்ட் 6-ஐ தாண்டிப் போக எனக்கு மனசு வராது. தர்காவுக்கு வெளிய தனியார் நடத்தின காப்பகம் ஒண்ணுல அதிகாலையில தீ பிடிச்சுச்சு, உள்ள இருந்தவங்களைச் சங்கிலியில கட்டிப் போட்டிருந்தாங்க, ஓட முடியல, 28 பேர் செத்துப் போனாங்க. அவங்கள்ல முக்காவாசிப் பேரை வீட்டுக்காரங்க குணமாகட்டும்னுதான் கொண்டு வந்து விட்டிருப்பாங்க. அப்புறம் உச்ச நீதிமன்றம் தானா வழக்கை எடுத்துச்சு, அந்தக் காப்பகங்களை மூடினாங்க, மாவட்டத்துல அரசு மனநல சேவை பலப்பட்டுச்சு. எந்த விதத்துலயும் யாரையும் சங்கிலியில கட்டக் கூடாதுன்னு 2017 சட்டத்தோட 95-வது பிரிவு சொல்லுது. குஜராத்துல ஒரு தர்காவுல முதல்ல ஆரம்பிச்ச தவா-துவா முறையை, அதாவது மருந்தும் வேணும் துவாங்கிற பிரார்த்தனையும் வேணும்கிற முறையை, ஏர்வாடிக்கும் கொண்டு வந்தாங்க. தர்காவுக்கு வர்றவங்களை அங்கயே மனநல டாக்டர் பாத்து மாத்திரை குடுக்குறாங்க, ஓதுறவங்களே டாக்டரையும் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புறாங்க. நான் இந்த வேலையில பாத்த நல்ல விஷயங்கள்ல இதுக்குத்தான் முதல் இடம். நம்பிக்கையை விடச் சொல்லி ஒருத்தரை ஆஸ்பத்திரிக்கு இழுத்தா வரமாட்டாங்க. நம்பிக்கையோட கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டா வர்றாங்க.

அதனால வீட்டுக்காரங்க ஏர்வாடிக்குப் போகணும்னா போகட்டும், சண்டை போடாதீங்க. ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போகணும்னாலும் ராமேஸ்வரத்துல தீர்த்தமாடணும்னாலும் அப்படித்தான். நான் கேக்குறது மூணே விஷயம், கட்டிப் போடக் கூடாது, அடிக்கக் கூடாது, டாக்டர் குடுக்குற மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. இந்த மூணுல எதையாச்சும் ஒருத்தர் செய்யச் சொன்னா அது எந்தச் சாமி இடமா இருந்தாலும் அங்கருந்து கிளம்பிருங்க.

ஆன்மீகம் உண்மையிலயே எங்க தாங்கிப் பிடிக்குதுன்னா துக்கத்துல. டிப்ரஷன் நோய், துக்கம் நோய் இல்ல, ரெண்டையும் பல பேட்டியில போட்டுக் குழப்பிடுறாங்க. அமெரிக்க டிவி காமெடியன் ஸ்டீபன் கோல்பேர் பத்து வயசுல, 1974-ல, விமான விபத்துல அப்பாவையும் ரெண்டு அண்ணன்மாரையும் ஒரே நாள்ல இழந்தவர். கத்தோலிக்க விசுவாசத்தோட அதை வருசக்கணக்கா சுமந்து, 2019-ல ஒரு பேட்டியில, உயிரோட இருக்கிறது ஒரு கொடைன்னா அதோட வர்ற வேதனையையும் ஏத்துக்கத்தான் வேணும், அந்த வேதனையாலதான் அடுத்தவன் வேதனை புரியுதுன்னு பேசினார். கேட்டுட்டு ரொம்ப நேரம் நான் ஒண்ணும் பண்ணல. நம்ம விவேக்கும் அப்படித்தான். ராமேஸ்வரத்து மண்ணோட பிள்ளை அப்துல் கலாம் சொல்லி மரம் நட ஆரம்பிச்சவர், ஒரு கோடி மரம்னு இலக்கு. 2015 ஜூலையில கலாம் போனார், பேக்கரும்புல அடக்கம் பண்ணோம், அதே வருசம் விவேக் தன் மகனையும் பறி கொடுத்தார். அதுக்கப்புறமும் 2021-ல தான் சாகுற வரைக்கும் நட்டுக்கிட்டே இருந்தார், லட்சக்கணக்குல. மரம் நட்டா துக்கம் போயிடும்னு அவர் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். எடுத்த வேலை ஒண்ணு காலையில அவரை எழுப்பியிருக்கும்னு மட்டும் நம்புறேன். தினசரிப் பழக்கமா வர்ற ஆன்மீகத்துக்கு அந்தத் தெம்பு உண்டு. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்து போன அலெக்சாண்டர் பாபு மேடையில பாட்டோட சிரிக்க வைக்கிறார், யோகாவும் சொல்லிக் குடுக்குறவர், அதை யாருக்கும் அற்புத மருந்தா விக்கல. அந்த அளவு எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்ப உங்க போட்டு ஆளுக்கு வர்றேன். வீடியோவை மட்டும் அனுப்பிட்டு இருந்துடாதீங்க, அது தள்ளி விட்ட மாதிரி ஆயிரும். சேந்து உக்காந்து பாத்தா வேற. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டிருக்கா, விடியுறதுக்கு முன்னாடியே முழிச்சுடுறாரா, சோறு இறங்கலையா, முன்ன பிடிச்சது எதுலயும் இப்ப மனசு ஒட்டலையான்னு பாருங்க. நம்ம ஆட்கள் மனசு சரியில்லன்னு வாயால சொல்ல மாட்டாங்க, நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் அசதின்னுதான் சொல்லுவாங்க. கடன், நேவி பிடிச்சுட்டுப் போயி மாசக்கணக்குல வைக்கிற பயம், போட்டு போனா என்ன பண்றதுங்கிற கவலை இதெல்லாம் பேச்சுல வரும், வரட்டும், உடனே தைரியமா இருடான்னு மூடாதீங்க. அப்புறம் நேராவே கேளுங்க, செத்துப் போயிடலாம்னு தோணுதாண்ணேன்னு. கேட்டா அந்த நினைப்பை நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம், ஆகாது, கேட்டதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வந்ததில்லன்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம், ஒருத்தர் கேட்டுட்டாருங்கிறதே பல பேருக்கு ஆறுதல். ஆமான்னு சொன்னா அன்னைக்குத் தனியா விடாதீங்க, கடலுக்கும் அனுப்பாதீங்க. 14416-க்கு போன் போடுங்க, டெலிமானஸ், அரசாங்கத்தோடது, காசு கெடையாது, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. 104-லயும் பேசலாம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை இலவசம். டிப்ரஷன் மாத்திரை வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முதல் வாரத்துல வயித்தைப் பிரட்டுறதும் படபடப்பும்தான் முந்தி வரும், இதை முன்னாடியே சொல்லி வைக்கலைன்னா பாதிப் பேர் அஞ்சாம் நாளே நிறுத்திடுவாங்க. நல்லான பெறகும் ஆறு மாசத்துக்குக் குறையாம போடணும், நிறுத்துறப்போ டாக்டர் சொல்லிப் படிப்படியா நிறுத்தணும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல 61 நாள் கரையில இருப்பாரு, அப்ப ஆரம்பிச்சா போக வர வசதி, ஆனா அதுக்காக இப்பத் தள்ளிப் போட வேண்டாம். தொழில் இருக்கிற நாள்ல ஒரு விஷயம் முக்கியம், டாக்டர்கிட்ட உக்காந்ததும் நான் ராத்திரி கடல்ல நிக்கிற ஆள், வலை இழுக்குற ஆள்னு அவர் சொல்லணும், ஏன்னா சில மாத்திரை தூக்கத்தை இழுக்கும், போட்டு ஓரத்துல நிக்கிறப்போ கண்ணு சொருகினா ஆபத்து. சொன்னா டாக்டர் வேற மாத்திரையோ வேற நேரமோ பாத்து எழுதிக் குடுப்பாங்க. முதல் தடவை நீங்களும் கூடப் போங்க தம்பி, சீட்டு போடுற வரிசையில நிக்கிறப்பவே பல பேர் திரும்பி வந்துடுறாங்க.